சி.ஏ-1 ஐ.டி.இ. அறிக்கை: மதிப்பெண் கூடியும் பெர்சன்டைல் இறங்கியது ஏன்? ஜூன் பேசிக் தேர்வுக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது?

காவிரிக்கரை_டாக்டர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ. எழுதி, இப்போது அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில் மயக்கவியல் ரெசிடென்சியில் (சிறப்புப் பயிற்சியில்) சி.ஏ-1 ஆண்டில், அதாவது மயக்கவியலின் முதல் ஆண்டில், இருக்கிறேன். பயிற்சியில் இருப்போருக்கு ஆண்டுதோறும் நடக்கும் ஐ.டி.இ. தேர்வைப் பிப்ரவரியில் எழுதினேன்; அதன் அறிக்கை கைக்கு வந்திருக்கிறது. அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை இந்தப் பாதையில் முன்னே சென்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு இன்டர்னாக (சி.ஏ-1-க்கு முந்தைய ஆண்டில்) இருந்தபோது என் ஸ்கேல்டு ஸ்கோர், அதாவது சீராக்கப்பட்ட மதிப்பெண், 23. அது நாடு முழுவதும் தேர்வெழுதிய இன்டர்ன்களுக்குள் 48-ஆவது பெர்சன்டைல், அதாவது நூற்றில் 48 பேரைவிட மேல். இந்த ஆண்டு ஸ்கோர் 26 ஆகக் கூடியிருக்கிறது. ஆனால் பெர்சன்டைல் 23-க்கு இறங்கிவிட்டது. ஜூலை முதல் நாள்தோறும் விடியுமுன் எழுந்து தியேட்டருக்குப் போய், மெஷின் சரிபார்த்து, மருந்து எடுத்து வைத்து, இரவு வீடு திரும்பியபின் அடுத்த நாள் கேஸ்களுக்குப் படித்து வந்திருக்கிறேன். அப்படியிருந்தும் சென்ற ஆண்டைவிடப் பின்தங்கியிருக்கிறேன் என்று அறிக்கை சொல்கிறதா, அல்லது நான் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறேனா?

நம் ஊரில் நீட் பி.ஜி. எழுதிப் பழகியவர்களுக்கு 50-ஆவது பெர்சன்டைல் என்றாலே தகுதிக் கோடு என்பதுதான் மனத்தில் பதிந்திருக்கிறது. வீட்டில் அப்பாவும் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, “பாஸா, இல்லையா?” என்பதுதான். என்னிடம் பதில் இல்லை. புரோகிராம் டைரக்டர் அடுத்த வாரம் தனியாகச் சந்திக்க வரச் சொல்லியிருக்கிறார். பயிற்சிக்கான ஜே-1 விசாவில் இருப்பதால், ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற கவலையும் கூடவே இருக்கிறது.

ஜூன் மாதம், அடிப்படை அறிவியலைச் சோதிக்கும் பேசிக் தேர்வு வருகிறது. இந்த அறிக்கையை வைத்துக்கொண்டு அதற்கு எப்படித் தயாராவது என்பதே என் முதன்மையான கேள்வி. கேள்வி வங்கியை மீண்டும் முதலிலிருந்து செய்வதா, பெரிய பாடநூலை அட்டை முதல் அட்டை வரை படிப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன்.

வைகை_அட்டெண்டிங்

தங்கைக்கு வணக்கம். நான் ஒரு பயிற்சி மருத்துவமனையில் அட்டெண்டிங்காக (ரெசிடென்ட்களை மேற்பார்க்கும் மூத்த மருத்துவராக) இருக்கிறேன்; ரெசிடென்ட்களின் திறனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதிப்பிடும் குழுவிலும் உட்காருகிறேன். ஆகவே இந்த அறிக்கையை மேசையின் மறுபக்கத்திலிருந்து எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் எளிது: இந்தத் தேர்வில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. அமெரிக்க மயக்கவியல் வாரியமான ஏ.பி.ஏ. ஆண்டுக்கொரு முறை நடத்தும் ஐ.டி.இ., ரெசிடென்ட் தன் நிலையைத் தானே அறிந்துகொள்ளவும், பயிற்சித் திட்டம் தன் கற்பித்தலைச் சீர்தூக்கிப் பார்க்கவும் ஏற்பட்டது. நீட் பி.ஜி. இருக்கும் இடங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. அதனால்தான் அங்கே பெர்சன்டைலில் கோடு போடுகிறார்கள். இடங்கள் காலியாகக் கிடந்தால் அந்தக் கோட்டையே அழித்தும் விடுகிறார்கள் என்பதை 2023-இல் பார்த்தோம். ஐ.டி.இ. யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஏற்கெனவே இடம் கிடைத்துப் பயிற்சியில் இருப்பவர்களை ஒருவருக்கொருவர் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது, அவ்வளவே.

மதிப்பெண் கூடியும் பெர்சன்டைல் இறங்கியதற்குக் காரணம் தேர்வின் அமைப்பிலேயே இருக்கிறது. இன்டர்ன் முதல் சி.ஏ-3 வரை அனைவரும் ஒரே உள்ளடக்கத்தில், 200 கேள்விகளை நான்கு மணி நேரத்தில் எழுதுகிறார்கள். ஸ்கேல்டு ஸ்கோர் 1 முதல் 50 வரையிலான அளவுகோலில், ஓராண்டு வினாத்தாள் சற்றுக் கடினமாகவும் இன்னோராண்டு எளிதாகவும் இருந்தால் அந்த வேறுபாட்டைச் சரிசெய்து தரப்படுகிறது. எனவே உங்கள் 23-ஐயும் 26-ஐயும் நேருக்கு நேர் ஒப்பிடலாம். பெர்சன்டைலோ அந்தந்தப் பயிற்சி ஆண்டுக்காரர்களுக்குள் மட்டும் கணக்கிடப்படுகிறது. சென்ற ஆண்டு உங்களோடு ஒப்பிடப்பட்டவர்களில் பெரும்பாலோர் வார்டிலும் ஐ.சி.யு.விலும் இருந்த இன்டர்ன்கள். மயக்கவியலை முறையாகப் படிக்கத் தொடங்காதவர்கள். இந்த ஆண்டு ஒப்பிடப்படுகிறவர்கள் உங்களைப் போலவே ஜூலையிலிருந்து பிப்ரவரி வரை தியேட்டரில் நின்றவர்கள். கூட்டம் முழுவதும் மேலே ஏறியிருக்கிறது. நீங்களும் ஏறியிருக்கிறீர்கள், ஆனால் கூட்டத்தின் சராசரி ஏறிய அளவுக்கு ஏறவில்லை. உங்களைத் தேற்றுவதற்காக இதை மறைத்துச் சொல்வது நியாயமாகாது. நீங்கள் பின்னோக்கிப் போகவில்லை, ஆனால் வேகம் போதவில்லை: இந்த இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பெர்சன்டைல் எவ்வளவு எளிதில் ஆடக்கூடியது என்பது. ஒரு பேச்சுக்கு, உங்கள் ஆண்டின் சராசரி 29 என்றும் திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 4 என்றும் வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்; உங்கள் அறிக்கையோடு வரும் அட்டவணையில் உண்மையான எண்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் 26 எடுத்தவர் ஏறத்தாழ 23-ஆவது பெர்சன்டைலில் இருப்பார். 28 எடுத்தவர் 40-இல் இருப்பார். 30 எடுத்தவர் 60-ஐத் தொட்டுவிடுவார். அதே இரண்டு மதிப்பெண் வித்தியாசம் உச்சியில், அதாவது 34-க்கும் 36-க்கும் இடையில், பெர்சன்டைலை ஆறேழு புள்ளிகள்தான் நகர்த்தும். நடுவில் ஆட்கள் நெருக்கமாக நிற்பதால் அங்கே சிறு அசைவும் பெரிய தாவலாகத் தெரிகிறது. 200 கேள்விகளில் 130 சரியாக விடையளிக்கும் அறிவுள்ள ஒருவர், அதே கடினத்தில் வேறொரு வினாத்தாளை எழுதினால், கேள்விகள் விழும் விதத்தை மட்டும் பொறுத்தே ஆறேழு கேள்விகள் கூடவோ குறையவோ வருவது இயல்பு. ஆகவே 23 என்ற பெர்சன்டைலை உங்கள் அறிவின் முத்திரையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் குழுவில் சி.ஏ-1 ரெசிடென்ட்டின் அறிக்கையைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது மொத்த மதிப்பெண்ணை அல்ல, பேசிக் பகுதியின் தனி மதிப்பெண்ணை. ஐ.டி.இ. கேள்விகளில் ஒரு பகுதி அடிப்படை அறிவியல் சார்ந்தவை: மருந்தியல், உடலியங்கியல், உடற்கூறு, கருவிகள், கண்காணிப்பு. இன்னொரு பகுதி குழந்தைகள், பிரசவம், இதயம், நரம்பு அறுவை, வலி போன்ற துணைத்துறைகள் சார்ந்தவை. பல திட்டங்களில் சி.ஏ-1 ரெசிடென்ட் பிப்ரவரிக்குள் இதய அறுவை அரங்குக்குள் கால் வைத்திருக்கவே மாட்டார். அவர் அட்வான்ஸ்டு எனப்படும் இந்த இரண்டாம் பகுதியில் குறைவாக எடுப்பது, அந்த ரொட்டேஷன் (துறைவாரிப் பணிச் சுற்று) இன்னும் வரவில்லை என்பதைத்தான் சொல்கிறது. ஜூனில் நீங்கள் எழுதப்போவது பேசிக் தேர்வு மட்டுமே. ஆகவே அந்தத் தேர்வைப் பற்றி இந்த அறிக்கை ஏதாவது சொல்கிறது என்றால் அது பேசிக் பகுதி மதிப்பெண் வழியாகத்தான். அதைப் பார்த்து இங்கே எழுதுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

புரோகிராம் டைரக்டர் அழைத்திருப்பதைப் பற்றி: பல திட்டங்களில் ஒரு குறிப்பிட்ட பெர்சன்டைலுக்குக் கீழே வருபவர்கள் அனைவரையும் அழைத்துப் பேசி, ஒரு தனிப் படிப்புத் திட்டம் எழுதிக்கொள்வது வழக்கம். அது கண்டனக் கடிதம் அல்ல. ஐ.டி.இ. மதிப்பெண் ஒன்றை மட்டும் காட்டி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது இந்தத் தேர்வு ஏற்பட்ட நோக்கத்துக்கே முரணானது. தியேட்டரில் உங்கள் வேலை, நோயாளியைக் கையாளும் விதம், அட்டெண்டிங்குகளின் மதிப்பீடுகள் எல்லாம் சேர்ந்துதான் குழுவின் முன் வருகின்றன. உண்மையில் விளைவுகள் உள்ள தேர்வு பேசிக்தான். அதில் முதல் முறை தவறினால் அடுத்த வாய்ப்பில் எழுதலாம். இரண்டாம் முறையும் தவறினால் அந்த ஆறு மாத மதிப்பீட்டுக் காலம் திருப்தியற்றது என்று பதிவாகும். மூன்றாம் முறையும் தவறினால் பயிற்சிக் காலமே நீளும். உங்கள் திட்டம் பதற்றப்படுகிறது என்றால் இதை நினைத்துத்தான் பதற்றப்படுகிறது. உங்கள் உழைப்பும் அங்கேயே போகட்டும்.

தாமிரபரணி_சி.ஏ3

வணக்கம் தங்கச்சி. மேலே ஐயா அறிக்கையை எப்படிப் படிப்பது என்று விரிவாகச் சொல்லிவிட்டார். படிப்பதை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை மட்டும் நான் எழுதுகிறேன்.

அறிக்கையில் நீங்கள் தவறவிட்ட கேள்விகளின் தலைப்புச் சொற்கள் பட்டியலாக இருக்கும். அதை ஒரு தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு, அடிப்படை அறிவியல் சார்ந்தவற்றை ஒரு நிறத்திலும் துணைத்துறை சார்ந்தவற்றை வேறு நிறத்திலும் குறித்து விடுங்கள். இரண்டாம் நிறத்தில் இருப்பவற்றை ஜூன் வரை தொடாதீர்கள். எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கத் தொடங்கி, கருவிகள் பகுதியைத் தேர்வுக்கு முந்தைய வாரம் அவசரமாகப் புரட்டுபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

மீதமுள்ள தலைப்புச் சொற்களை மனப்பாடம் செய்யவேண்டிய வரிகளாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் இயக்கம் புரியாவிட்டால், அடுத்த முறை அதே தலைப்பு வேறு உருவத்தில் வரும்போது மறுபடியும் தவறும். டிபுகெய்ன் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இயல்பானவருக்கு 80, ஒரு ஜீன் மட்டும் மாறியவருக்கு 50-ஐ ஒட்டி, இரண்டு ஜீன்களும் மாறியவருக்கு 20 என்ற வரியை எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் கேள்வி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: கல்லீரல் நோய் முற்றிய ஒருவருக்குத் தசை தளர்த்தும் மருந்தான சக்சினில்கோலின் கொடுத்தபின் மூச்சு திரும்ப எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் ஆகிறது, டிபுகெய்ன் எண் 80. மனப்பாட வரியோடு மட்டும் போனவர், எண் இயல்பாக இருக்கிறது, எனவே அந்த மருந்தைச் சிதைக்கும் என்சைமான சூடோகோலினெஸ்டரேஸ் மீது பழியில்லை என்று அந்த விடையை அடித்துவிடுவார். டிபுகெய்ன் என்பது அந்த என்சைமைத் தடுக்கும் ஒரு மருந்து என்பதையும், இயல்பான என்சைமை 80 விழுக்காடும் பிறழ்ந்த என்சைமை 20 விழுக்காடும்தான் அது தடுக்கிறது என்பதையும், ஆகவே அந்த எண் என்சைமின் தரத்தை அளக்கிறதே தவிர அளவை அளக்கவில்லை என்பதையும் புரிந்துகொண்டவருக்குக் குழப்பம் வராது. என்சைம் நல்லதுதான், கல்லீரல் போதிய அளவு செய்து அனுப்பவில்லை. கர்ப்பக் காலத்தில் அதன் அளவு குறைவதையும் இதே புரிதலில் வைத்துக்கொள்ளலாம். ஒரு தலைப்புச் சொல்லை இப்படி அரை மணி நேரம் குடைந்தால் அதைச் சுற்றியுள்ள நான்கைந்து கேள்விகள் தாமாகவே தெளிவாகிவிடும்.

கருவிகள் பகுதிக்குப் புத்தகத்தைவிட உங்கள் காலை நேர மெஷின் சோதனை மேலானது. மெஷினின் பின்புறம் இருக்கும் ‘ஈ’ (E) அளவு ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கும்போது அழுத்தமானியைப் பாருங்கள். நிறைந்த நிலையில் 2000 பி.எஸ்.ஐ.யை ஒட்டி, சுமார் 660 லிட்டர். உள்ளே வாயு மட்டுமே இருப்பதால் அழுத்தம் பாதியானால் வாயுவும் பாதி. 1000 காட்டினால் 330 லிட்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். உங்கள் வென்டிலேட்டர் பெல்லோஸை (துருத்தியை) இயக்கவும் அதே ஆக்ஸிஜன் செலவாகுமானால் அந்த நேரம் இன்னும் சுருங்கும். நைட்ரஸ் ஆக்ஸைடு சிலிண்டரில் திரவமும் வாயுவும் சேர்ந்து இருப்பதால், திரவம் இருக்கும் வரை மானி 745-ஐயே காட்டிக்கொண்டிருக்கும். நிறைந்தபோது 1590 லிட்டராக இருந்தது, முள் இறங்கத் தொடங்கும்போது 400 லிட்டர் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கும். மிச்சம் எவ்வளவு என்று அறிய சிலிண்டரை எடைபோடுவதுதான் வழி. முள்ளைப் பார்த்தபடியே இந்தக் கணக்கை ஒருமுறை போட்டவர் தேர்வறையில் இதற்காக ஒரு நிமிடம்கூடச் செலவிட மாட்டார். ஆவியாக்கி, கார்பன் டை ஆக்ஸைடு உறிஞ்சி, பாதுகாப்பு வால்வுகள் ஆகியவற்றையும் ஒரு நாளைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, கேஸ் அமைதியாகப் போகும் வேளையில் அட்டெண்டிங்கிடம் கேளுங்கள். நல்ல ஆசிரியர்கள் அந்தக் கேள்விக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

கேள்வி வங்கியைக் கட்டாயம் செய்யுங்கள், ஆனால் நேரம் வைத்துச் செய்யுங்கள். 200 கேள்விக்கு நான்கு மணி நேரம் என்றால் ஒரு கேள்விக்கு 72 வினாடி. நம் ஊரிலிருந்து வருபவர்களுக்குப் பாட அறிவு பெரும்பாலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் நீளமாக எழுதப்பட்ட நோயாளி விவரத்தை வேகமாகப் படித்து, கேட்கப்பட்டதற்கு மட்டும் விடையளிப்பதில்தான் நேரம் கழிகிறது. அது பழக்கத்தால் மட்டுமே வரும். சரியாகப் போட்ட கேள்விகளிலும், ஊகித்துப் போட்டவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு விளக்கத்தைப் படியுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். முன்னர் எழுதியவர்கள் நினைவில் வைத்து எழுதிக் கொடுத்த கேள்விகள் என்று யாராவது கோப்பு அனுப்பினால் திறக்காதீர்கள். வினாக்கள் ஏ.பி.ஏ.வுக்கு உரியவை; அவற்றைப் பகிர்வதை வாரியம் தடைசெய்திருக்கிறது. விசாவில் இருக்கும் நமக்கு அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம். அதைவிட முக்கியமாக, அப்படி ஏறும் மதிப்பெண் உங்கள் நிலையை உங்களிடமிருந்தே மறைத்துவிடும்.

காவிரிக்கரை_டாக்டர்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஐயா சொன்னதுபோலவே பேசிக் பகுதியில் என் ஆண்டின் சராசரிக்குச் சற்றே கீழாகவும், அட்வான்ஸ்டு பகுதியில் வெகு கீழாகவும் இருக்கிறேன். பிரசவம், இதயம், குழந்தைகள் ஆகிய மூன்று ரொட்டேஷன்களும் எனக்கு இனிமேல்தான் வரவிருக்கின்றன. பேசிக் பகுதியில் தவறவிட்டவற்றில் கருவிகளும் கண்காணிப்பும் அதிகம். உடலியங்கியலிலும் ஒரு தனிப் பிரிவு மிகக் குறைவாகத் தெரிகிறது. சிறுநீரகம் சார்ந்த அந்தப் பிரிவை முதலில் முழுமையாகப் படிக்க வேண்டுமா?

இன்னொரு கேள்வியும் உண்டு. பிற்பாடு கிரிட்டிக்கல் கேர் ஃபெல்லோஷிப்புக்கு (தீவிர சிகிச்சை மேற்பயிற்சிக்கு) விண்ணப்பிக்க விரும்புகிறேன். இந்த 23 என்ற பெர்சன்டைல் அங்கே வந்து நிற்குமா?

பொதிகை_ஐ.சி.யு

கிரிட்டிக்கல் கேரில் இருப்பவன் என்பதால் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பல ஃபெல்லோஷிப் திட்டங்கள் ஐ.டி.இ. மதிப்பெண்களைக் கேட்கின்றன என்பது உண்மை. யு.எஸ்.எம்.எல்.இ. ஸ்டெப் 1 தேர்வு 2022 ஜனவரியிலிருந்து எண் இல்லாமல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் அறிவிக்கப்படுவதால், எண்ணாகக் கையில் கிடைக்கும் சிலவற்றில் ஐ.டி.இ. ஒன்றாகிவிட்டது. ஆனால் விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் ஓராண்டு எண்ணைத் தனியாகப் பார்ப்பதில்லை, இன்டர்ன், சி.ஏ-1, சி.ஏ-2 ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கிறார்கள். சி.ஏ-1-இல் இறங்கி சி.ஏ-2-இல் ஏறிய வரிசைக்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். தொடர்ந்து இறங்கிய வரிசைக்குத்தான் கேட்பார்கள். பேசிக் தேர்வை முதல் முறையிலேயே முடித்திருப்பதும், உங்களோடு ஐ.சி.யு.வில் இரவு நின்ற ஒருவர் எழுதும் பரிந்துரைக் கடிதமும் இந்த எண்ணைவிட எடை கூடியவை. ஆகவே அடுத்த பிப்ரவரியைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். அதற்குள் உங்கள் ரொட்டேஷன்கள் வந்துவிடும், அட்வான்ஸ்டு பகுதியும் அவற்றோடு சேர்ந்து ஏறும்.

சிறுநீரகப் பிரிவைப் பற்றி நீங்கள் கேட்டது அறிக்கையைப் படிப்பதில் மிகப் பலர் தடுமாறும் இடம். மொத்தம் 200 கேள்விகள் இருக்கும் தேர்வில் அப்படிப்பட்ட ஒரு சிறு பிரிவுக்குச் சில கேள்விகளே ஒதுங்கும். பத்துக் கேள்விகள் இருக்கும் பிரிவில் இரண்டு விடை மாறினாலே 70 விழுக்காடு 50 ஆகிவிடும். அந்தப் பிரிவில் நீங்கள் பலவீனமானவர் என்று அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து யாராலும் சொல்ல முடியாது. கருவிகள், கண்காணிப்பு என்பவை பல கேள்விகள் கொண்ட பெரிய பிரிவுகள். அங்கே தெரியும் குறை நம்பத்தக்கது. முதலில் அங்கே போங்கள். சிறுநீரகத்தில் தவறவிட்ட தலைப்புச் சொற்களை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்; ஒரு வாரத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.

பெரிய பாடநூலை அட்டை முதல் அட்டை வரை படிக்கும் யோசனையை இந்த நான்கு மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள். அது பல ஆண்டுகள் உடன் இருக்கவேண்டிய நூல். பேசிக் தேர்வுக்கு ஒரு நடுத்தர அளவிலான பாடநூலில் மருந்தியல், உடலியங்கியல், கருவிகள் ஆகிய பகுதிகள் போதும். அதற்கு மேல் விளக்கம் வேண்டிய இடத்தில் மட்டும் பெரிய நூலைத் திறக்கலாம்.

தாமிரபரணி சொன்ன ஒன்றோடு நான் சற்று மாறுபடுகிறேன். கேள்வி வங்கியை முதல் நாளிலிருந்தே நேரம் வைத்துச் செய்வதைவிட, முதல் பாதிக் காலத்தில் நேரக் கட்டுப்பாடின்றி, ஒவ்வொரு விடைத்தேர்வும் ஏன் தவறு என்று சொல்லிப் பார்த்துச் செய்வதே அறிவை ஏற்றும். நேரம் வைப்பதை ஏப்ரல் பின்பகுதியில் தொடங்கினாலும் போதுமானது. மேலும், வங்கி காட்டும் விழுக்காட்டை ஐ.டி.இ. மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். இரண்டின் அளவுகோலும் வேறு, அதை எழுதும் கூட்டமும் வேறு.

தாமிரபரணி_சி.ஏ3

அண்ணா சொல்வதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. தங்கச்சி ஐ.டி.இ.யில் கடைசிக் கேள்விகளை அவசரமாக அடித்துவிட்டு வந்தவராக இருந்தால், நேரப் பயிற்சியை ஏப்ரல் வரை தள்ளிப்போடக் கூடாது. நேரம் மிச்சமிருந்து, அறியாததால் தவறியிருந்தால் அண்ணாவின் வழியே சரி. இதை அவரால் மட்டுமே சொல்ல முடியும்.

காவிரிக்கரை_டாக்டர்

நேரம் மிச்சமிருக்கவில்லை அக்கா. கடைசி முப்பது கேள்விகள் அளவில் விரைந்துதான் முடித்தேன். அப்படியானால் இரண்டையும் கலந்து செய்கிறேன்: வார நாள்களில் நேரமின்றிச் சில கேள்விகள், ஞாயிறு காலையில் நேரம் வைத்து ஒரு முழுத் தொகுதி. புரோகிராம் டைரக்டரைச் சந்திக்கும்போது நான் என்ன கொண்டுபோக வேண்டும் என்பதை மட்டும் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

வைகை_அட்டெண்டிங்

ஒரே ஒரு தாள் போதும். பேசிக், அட்வான்ஸ்டு பகுதி மதிப்பெண்களை மேலே எழுதி, அட்வான்ஸ்டு குறைந்ததற்கு எதிரே இன்னும் வராத மூன்று ரொட்டேஷன்களைக் குறியுங்கள். பேசிக் பகுதியில் கருவிகளும் கண்காணிப்பும்தான் குறை என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். தன் குறையைத் தானே அடையாளம் கண்டு வரும் ரெசிடென்ட்டிடம் உரையாடல் வேறு தொனியில் நடக்கும். நேரம் போதாமல் போனதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் அது அறிவுக் குறைவிலிருந்து வேறுபட்டது. அதற்கான திட்டமும் வேறு. அதன் கீழே, மாதவாரியாக ஜூன் வரை என்ன படிக்கப் போகிறீர்கள் என்பதை நாலைந்து வரியில் எழுதி, இடையில் ஒரு நாளைக் குறித்து, அன்று ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதி அதன் முடிவை அவரிடம் காட்டுவதாகச் சொல்லுங்கள்.

அவரிடமிருந்து நீங்கள் கேட்டுப் பெறவேண்டியவை இரண்டு. கருவிகளில் ஆர்வமுள்ள ஓர் அட்டெண்டிங்கை வழிகாட்டியாக நியமிக்க முடியுமா என்று கேளுங்கள். ஏறக்குறைய எல்லாத் துறையிலும் அப்படி ஒருவர் இருப்பார். அடுத்து, பேசிக் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் உங்கள் ‘கால்’ (இரவு அழைப்புப் பணி) எப்படி அமைந்திருக்கிறது என்று கேளுங்கள். இரவுப் பணியிலிருந்து நேராகத் தேர்வு மையத்துக்குப் போகும் நிலை வரக் கூடாது. அந்தக் காலத்தில் ஐ.சி.யு. இரவு ரொட்டேஷன் விழுந்திருந்தால் இப்போதே மாற்றிக்கொள்வது எளிது, மே மாதத்தில் கேட்டால் யாராலும் மாற்றித் தர முடியாது.

விசாவைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். ஒப்பந்தப் புதுப்பிப்பில் ஏதேனும் நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் நேராகக் கேட்டு, இல்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். ஜே-1-இல் மருத்துவப் பயிற்சிக்குப் பொதுவாக ஏழு ஆண்டு வரை இடமிருப்பதால், நான்காண்டு ரெசிடென்சியில் இருக்கும் நீங்கள் காலக்கெடுவை நினைத்து இப்போது அஞ்சவேண்டிய நிலையில் இல்லை. சந்திப்பு முடிந்த அன்றே, பேசி முடிவானவற்றை ஒரு சிறு மின்னஞ்சலாக அவருக்கு எழுதி அனுப்புங்கள். ஜூன் மாத அழைப்புப் பணி மாற்றம் அதில் தவறாமல் இடம்பெறட்டும்.